தண்ணீரில் மிதக்கும் கல்லும் வியன்னாவின் சுருட்டு ஹோல்டரும்

(திரையில்: கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். வெள்ளைக் கல் ஒன்று மேலிருந்து விழுகிறது.)

கல் மிதக்கிறது. தெர்மாகோல் இல்லை, கணினி வித்தையும் இல்லை. மண்ணுக்கு அடியில் இருந்து தோண்டி எடுத்த அசல் கல். 19ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரத்துக் கனவான்கள் இந்தக் கல்லில் குதிரை, வேட்டை நாய், தலைப்பாகை கட்டிய துருக்கியர் தலை என்று விதவிதமாகச் செதுக்கிய ஹோல்டர்களை, அதாவது சுருட்டைச் செருகிப் பிடிக்கும் குழல்களை, வாங்கினார்கள். அதன் முனையில் ஒரு சின்னச் சுருட்டைச் செருகினார்கள். பிறகு இந்த வெள்ளைக் கல் தேன் நிறத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் ஊதித் தள்ளினார்கள். சுருட்டுக்காக ஹோல்டர் வாங்கியவர்கள், கடைசியில் ஹோல்டருக்காகச் சுருட்டு வாங்கினார்கள்!

வணக்கம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் புகைப்பதில்லை. நீங்களும் புகைக்க வேண்டாம். இந்தக் காணொளி கைவினைப் பொருளைப் பற்றியது, பழக்கத்தைப் பற்றியது அல்ல. ஹோல்டரில் வைத்துப் புகைத்தால் உடம்புக்குக் கெடுதல் குறையுமா என்று கேட்பவர்களுக்கு நடுவில் பதில் வைத்திருக்கிறேன். அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் போகாதீர்கள்.

ஹோல்டர் என்றதும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி ஒரு முழ நீளக் குச்சியில் சிகரெட்டை ஏந்தி நிற்பாரே, அது நினைவுக்கு வரும். அது வேறு சாதி. நாம் பேசப்போவது சின்னச் சுருட்டுக்கான ஹோல்டர். குட்டையாக, தடிப்பாக இருக்கும். சுருட்டுத் தடிமனை ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற கணக்கில் அளப்பார்கள். 26 என்று எண் போட்ட சுருட்டு சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். அதைச் செருகும் ஓட்டை புனல் மாதிரி உள்ளே போகப் போகக் குறுகும். சுருட்டு கொஞ்சம் ஒல்லியானாலும் தடித்தாலும் எங்காவது ஓர் இடத்தில் இறுகிக்கொள்ளும்.

எதற்கு இது? சின்னச் சுருட்டு சீக்கிரம் தீர்ந்து நெருப்பு உதட்டுக்கு வந்துவிடும். எச்சில் பட்டு வாய்ப்பக்கத்து இலை பிரியும், துகள் நாக்கில் ஒட்டும். மீசை வைத்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. அந்தக் காலத்து ஐரோப்பிய மீசைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், தீயணைப்பு வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் சிக்கனம். ஹோல்டர் இருந்தால் கடைசித் துண்டு வரை புகைக்கலாம்.

வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுகிறேன். புகையிலை அமெரிக்காவில் இருந்து வந்தது, ஐரோப்பா பைப் பிடித்தது, மூக்குப்பொடி போட்டது, 19ஆம் நூற்றாண்டில் சுருட்டுக்கு மாறியது. இதில் சுவையான செய்தி ஒன்றே ஒன்று. பெர்லின் நகரில் 1848 வரை தெருவில் புகைப்பது குற்றம். அந்த ஆண்டு மார்ச் மாதப் புரட்சியில் அரசரிடம் மக்கள் அரசியல் உரிமைகளைக் கேட்டார்கள்; கூடவே தெருவில் புகைக்கும் உரிமையையும் கேட்டு வாங்கினார்கள். புரட்சிகளின் கோரிக்கைப் பட்டியலை அடிவரை படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. உறையூரில் சுருட்டிய திருச்சிச் சுருட்டு விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெயர்பெற்ற சரக்கு. இரண்டு முனையும் திறந்திருக்கும் சுருட்டு என்பதால் எந்தப் பக்கத்தையும் ஹோல்டரில் செருகலாம். உங்கள் தாத்தா யாராவது சுருட்டுத் தொழிலில் இருந்திருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அதற்குத் தனிக் காணொளியே போடலாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கிறுக்குத்தனம். ஆஸ்திரியாவில் விர்ஜினியர் என்று ஒரு சுருட்டு. ஒல்லி, நீளம், காரம். அதன் நடுவே நுனியிலிருந்து அடிவரை ஒரு புல் தண்டு ஓடும். பற்றவைப்பதற்கு முன் அந்தத் தண்டை உருவி எறிய வேண்டும். தண்டு இருந்த இடம் புகை வரும் வழியாகிவிடும். வாய்ப்பக்கத்தில் வைக்கோலால் ஆன சிறு முனை. அதாவது ஹோல்டர் சுருட்டோடு கூடவே பிறந்துவிடுகிறது. இதே வகையை சுவிட்சர்லாந்தில் மஜோரே ஏரிக்கரையில் இருக்கும் பிரிசாகோ ஊரில் 1847இல் தொடங்கிய ஆலை தயாரித்தது.

வியன்னாவில் இந்த விர்ஜினியரை அதிகம் பிடித்தவர்கள் குதிரை வண்டிக்காரர்கள். அரண்மனைக்குள் அதையே பிடித்தவர் யார் தெரியுமா? பேரரசர் பிரான்ஸ் ஜோசப். ஐந்து கோடிப் பேரை ஆண்ட மனிதர், வண்டிக்காரரின் சுருட்டுதான் வேண்டும் என்றார். அவருடைய அமைச்சர்கள் நல்ல ஹவானாச் சுருட்டை ஒளித்துவைத்துப் புகைத்திருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம்.

அரசர் வைக்கோலோடு திருப்திப்பட்டார். அவருடைய தலைநகரத்துக் கனவான்கள் அப்படி இல்லை. இங்கேதான் நம் கல் வருகிறது.

(திரையில்: துருக்கியின் வரைபடம். அங்காராவுக்கு மேற்கே ஒரு புள்ளி.)

பெயர் மீர்ஷாம். வேதியியலில் செபியோலைட், நீரேறிய மக்னீசியம் சிலிகேட். உலகத்தின் மிகச் சிறந்த மீர்ஷாம் துருக்கியின் எஸ்கிஷெஹிர் வட்டாரத்தில் கிடைக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வெள்ளைத் தங்கம் என்பார்கள். நிலக்கரி மாதிரி நீண்ட படிவமாக இது கிடக்காது. களிமண்ணுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டி கட்டியாகப் புதைந்திருக்கும். கிணறு போல் குழி இறக்கி, கீழே பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து தேட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தோண்டிக் கைப்பிடிக் கல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் மண்.

இந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அதனால்தான் காய்ந்தபின் மிதக்கிறது. காய்ந்த கல்லை நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சி அப்படியே ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து பழைய ஹோல்டரில் இதைச் சோதிக்காதீர்கள். அதை யார் யார் வாயில் வைத்தார்களோ! கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இது 2தான், விரல் நகமே கீறிவிடும். தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் மெத்தென்று ஆகும். ஆகவே செதுக்குபவர் கல்லை ஊறவைத்து ஈரத்தோடு கத்தி வைப்பார். முதலில் முரட்டு வடிவம். அடுத்து துளை போடுதல். இந்த இடத்தில் கல்லுக்குள் ஒரு சின்ன மண் துணுக்கோ வெடிப்போ இருந்தால் அத்தனை வேலையும் பாழ். அதைத் தாண்டினால் நுண் செதுக்கல், உலர்த்தல், பளபளப்பு. கடைசியாக, உருகிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள்.

அந்த மெழுகில்தான் மொத்த மாயமும். சூடான மெழுகை மீர்ஷாம், இட்லி சாம்பாரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறை புகைக்கும்போதும் சூட்டில் மெழுகு இளகும். புகையில் வரும் தாரும் எண்ணெயும் கல்லுக்குள் இறங்கி, இளகிய மெழுகோடு கலந்து, உள்ளிருந்து மேற்பரப்பை நோக்கி நகரும். மாதங்கள் போகப் போக வெள்ளை மங்கும், தந்தநிறம் வரும், மஞ்சள் ஏறும், தேன் நிறமாகும், கடைசியில் செம்பழுப்பில் நிற்கும். வெளியில் இருந்து பூசிய வண்ணத்தில் இந்த ஆழம் வராது.

என் கையில் இருப்பது ஒரு நண்பரின் சேகரிப்பில் இருந்து இரவல் வாங்கியது, அருகில் காட்டுகிறேன். நீளம் என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் அதிகம். குழலின் மேல் ஒரு வேட்டை நாய் படுத்திருக்கிறது. காதின் மடிப்பைப் பாருங்கள், விலா எலும்பைக்கூட எண்ணலாம். குழலின் அடிப்பக்கம் கருந்தேன் நிறம். அது நாயின் வயிறுவரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது, முதுகு இன்னும் வெளுப்பு. புகைத்தவர் நாயின் முதுகை எட்டுவதற்குள் சிகரெட்டுக்கு மாறினாரா, மனைவி கண்டித்தாரா, அல்லது நுரையீரல் கைவிட்டதா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நிறம் சீராக ஏற வேண்டுமென்றால் கட்டுப்பாடுகள் உண்டு. சூடாக இருக்கும்போது விரல் படக்கூடாது, பட்டால் மெழுகில் தடம் விழும். ஆகவே வாய்முனையை மட்டும் பிடிப்பார்கள். சிலர் கையுறை போட்டார்கள், சிலர் மென்மையான தோலில் செய்த உறை மாட்டினார்கள். அவசரமாக இழுக்கக்கூடாது. பைப் பிரியர்கள் நடுவே ஒரு கதை உலவுகிறது: யாரோ ஓர் ஆங்கிலேயச் செல்வந்தர் தன் மீர்ஷாம் பைப்பைக் காவல்படைச் சிப்பாய்களிடம் கொடுத்து, அணையவே விடாமல் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் புகைக்கவைத்தாராம். நிறம் அற்புதமாக வந்ததாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இப்படி ஒரு கதை பிறக்கிற அளவுக்குப் பைத்தியம் முற்றியிருந்தது என்பது மட்டும் நிஜம்.

இன்னொரு கதையும் உண்டு. 1723இல் ஹங்கேரியில் கோவாச் என்ற செருப்புத் தொழிலாளி ஒரு பிரபுவுக்காக முதல் மீர்ஷாம் பைப்பைச் செதுக்கினார், மெழுகு படிந்த அவருடைய கை தவறுதலாகப் பட்டு நிறம் மாறும் ரகசியம் தெரிந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. விட்டுவிடுவோம்.

வாய்முனைக்கு வருவோம். அது பெரும்பாலும் பால்டிக் கடற்கரை அம்பர். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின். உதட்டுக்கு உலோகம் போலச் சில்லென்று இராது, சுவையும் இல்லை. எலும்புத் திருகு ஒன்று அம்பரையும் கல்லையும் இணைக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேக்லைட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக் வந்து அம்பரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மரத்தில் செய்தவையும் உண்டு. வியன்னாவுக்குத் தெற்கே பாடென் ஊரில் மகலேப் செர்ரி என்ற மரத்தை இதற்கென்றே வளர்த்தார்கள். பட்டையோடு கூடிய நேரான கிளைகள், தானாகவே நறுமணம் வீசும் கட்டை. பிரான்சின் சான் குளோத் ஊரில் பிரையர் என்ற புதரின் வேர்க்கட்டை. விலை குறைவு, கீழே விழுந்தால் உடையாது. உண்மையைச் சொன்னால் அன்றாடம் புகைத்தவர்களுக்கு இதுதான் புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் மரம் மிதப்பதை எடுத்துக் காட்டினால் யார் காணொளியைச் சொடுக்குவார்கள்?

சரி, சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். ஹோல்டர் கெடுதலைக் குறைக்குமா? குறைக்காது. சுருட்டுப் புகை பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. ஆகவே புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் இரத்தத்தில் ஏறிவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என்று சுருட்டு உண்டாக்கும் புற்றுநோய்களின் பட்டியல் நீளம். கல் கொஞ்சம் தாரை உறிஞ்சுகிறதே என்பீர்கள். உண்மை. அந்த நாயின் வயிற்றில் தெரியும் கறுப்பு, கல் பிடித்துவைத்த மிச்சம்தான். மற்றதெல்லாம் எங்கே போனது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் சிகரெட் எல்லாவற்றையும் அடித்துச் சாப்பிட்டது. 1960களில் அமெரிக்காவில் சின்னச் சுருட்டுக்குப் பிளாஸ்டிக் முனை வந்தது. 1970களில் துருக்கி பதப்படுத்தாத கல்லை ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது; கல் எங்கள் ஊருடையது, செதுக்குவதும் எங்கள் ஊரிலேயே நடக்கட்டும் என்ற முடிவு. எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. எஸ்கிஷெஹிரின் ஒடுன்பசாரி பகுதியில் இன்று இந்தக் கல்லுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

கடைசியாக, பழம்பொருள் சந்தையிலோ வீட்டுப் பரணிலோ இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன பார்ப்பது? எடை முதலில். கையில் எடுத்ததும் இவ்வளவு லேசா என்று தோன்ற வேண்டும். கனமாக இருந்தால், செதுக்கும்போது உதிர்ந்த தூளை அழுத்திச் செய்த மீர்ஷாமாக இருக்கலாம். அதில் நிறம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். வாய்முனை அம்பரா என்று பார்க்கத் துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கிறதா என்று சோதிப்பார்கள். நம்பாதீர்கள், பல பிளாஸ்டிக்குகளும் இழுக்கும். முனை எளிதாகக் கழன்று வந்தால் மட்டும், அதைத் தனியே உப்பு நன்றாகக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்லைட் மூழ்கும். கழலவில்லை என்றால் முறுக்கவே வேண்டாம். பழைய எலும்புத் திருகு உள்ளேயே ஒடிந்துவிடும். யானைத் தந்தத்தில் செய்தது என்று யாராவது விற்க வந்தால் தள்ளி நில்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வணிகம் குற்றம்.

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடாதீர்கள். நூறு ஆண்டு நிறம் போய்விடும், கல்லும் இளகும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, அது வந்த பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பெட்டி கிடைத்திருந்தால் ஹோல்டரைவிட அதை முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூடியின் உள்பட்டில் பெரும்பாலும் கடையின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். வியன்னாவா, பாரிசா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.