சேசிஸ வெட்டாம ஹெரால்டு சஸ்பென்ஷன சரி பண்றது

காட்பாடி ஷெட்டுல இருந்து பேசுறேன், டங்கு டங்குனு சத்தம் வரும், பக்கத்துல லாரிக்கு பட்டை அடிச்சினு இருக்காங்க. ஜாக்கில நிக்கிறது மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடருக்கு தனி ஃபிரேம் கெடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்கும். இதுக்கு கீழ தனி சேசிஸ் இருக்கு, பாடிய போல்ட் கழட்டி துண்டு துண்டா எடுத்துடலாம்.

சேசிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீட்டினு பாடிய தாங்குற கைங்களதான் துரு மொதல்ல தின்னும். சுத்தியால தட்டுங்க, டிங்குனு வராம பொத்துனு வந்தா மாத்தணும். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா அறுத்துடாதீங்க, மூலைக்கு மூலை அளவெடுத்து ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்தது, இல்லன்னா அப்புறம் கதவு மூடாது.

முன்னாடி காயில் ஸ்பிரிங், புஷ்ஷும் ஷாக்கும் புதுசு போட்டாலே போதும். ஆனா கீழ இருக்குற டிரன்னியனுக்கு, அதான் ஸ்டியரிங் திருப்பும்போது வீல் திரும்புற மரை போட்ட மூட்டுக்கு, கிரீஸ் அடிக்காதீங்க, இபி 90 கியர் ஆயில்தான். எனக்கு முன்னாடி இத வெச்சிருந்தவரு கிரீஸ் அடிச்சி வெச்சி உள்ள மரையெல்லாம் துரு, அது முறிஞ்சா ஓடும்போதே வீல் மடங்கிடும்.

பின்னாடி இருக்கே, அதான் வில்லங்கம். சுவிங் ஆக்ஸில். ரெண்டு ஆக்ஸிலும் நடுவுல இருக்குற கிரவுன், அதான் டிஃபரென்ஷியல் பக்கம் மட்டும் ஆடும், கோழி றெக்கை மாதிரி, மேல குறுக்கால ஒரே லீஃப் பட்டை அடுக்கு. ஏலகிரி கொண்டை ஊசில வேகமா திரும்பி பயந்து சட்டுனு ஆக்சிலேட்டர விட்டீங்கன்னா பின்பக்கம் தூக்கினு வெளிப்பக்க வீல் அடியில மடங்கும். இன்னா பண்றது? இதே குடும்பத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல 1970ல அடுக்குல ஒரு பட்டைய மட்டும் இறுக்கி மத்தத ஊஞ்சலாட்டம் ஆட விட்டாங்க. அந்த மாதிரி பட்டை போல்ட்டுலயே ஏறிடும், ஆனா கூடவே முன்னாடி ஆன்டி ரோல் பாரும், அதான் வளைவுல வண்டி சாயாம தடுக்குற கம்பி, தடியா போடணும், பின்பக்கம் சாய்வ தடுக்குறது கொறையுதுல்ல.

ஸ்டாண்டர்ட்காரங்களே அப்புறம் வந்த கேசல் கார்ல நடுவுல ஆடாத நேர் ஆக்ஸிலுக்கு போயிட்டாங்க, அத இதுல மாட்டலாமேன்னு கேப்பீங்க. மாட்ட சேசிஸ வெட்டணும். 2021ல வந்த வின்டேஜ் ரூல்படி 50 வருஷம் தாண்டின வண்டி ஒரிஜினலா இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இருந்தா வின்டேஜ் வண்டிக்குனு தர்ற விஏ நம்பர் கெடைக்காது. அதனாலதான் கைய கூட பழைய அளவு மாறாம செய்யச் சொன்னேன். கழட்டின பழைய பட்டைய எடைக்கு போட்றாதீங்க, என்னுது பரண் மேல கெடக்குது.