அக்கி ஆறிய பிறகும் நீடிக்கும் நரம்பு வலி: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் தம் தாயாருக்காக இப்படிக் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. எட்டு மாதங்களுக்கு முன் வலது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் ஆறிவிட்டன, எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே துடித்துப் போகிறார். வலி மாத்திரைகள் கேட்கவில்லை. புண்தான் ஆறிவிட்டதே, இது வெறும் மனப்பிரமை என்கிறார்கள் உறவினர்கள். இதற்கு மருத்துவம் உண்டா? வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?"

அம்மாவின் வலி உண்மையானது. இதை முதலில் அவரிடமும், பிறகு அந்த உறவினர்களிடமும் சொல்லுங்கள். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ், அம்மை இறங்கிய பின்னும் உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடந்து, முதுமையாலோ நோயாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் பெருகி, ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அக்கி ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படர்வது இதனால்தான். தோல் சில வாரங்களில் ஆறிவிடுகிறது; சேதமடைந்த நரம்போ, மெல்லிய தொடுதலைக்கூட வலியாகவே மூளைக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. இவ்வாறு மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிப்பதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம்.

வழக்கமான வலி மாத்திரைகள் கேட்காததற்கும் காரணம் இதுவே. டைக்ளோஃபெனாக் போன்றவை அழற்சியால் எழும் வலியைத் தணிப்பவை. இங்கே பழுதுபட்டிருப்பது நரம்பு. அவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடக்கூடும். நரம்பு ஊசி என்று போடப்படும் பி12 ஊசியும், அந்தச் சத்துக் குறைவு இருப்பவர்களுக்கே பயன்படும்.

இந்த வலிக்குப் பயன் தருபவை அமிட்ரிப்டிலின், கேபபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, சரியான மருந்து கிடைத்த பிறகும் பலர் சில நாட்களிலேயே அதை நிறுத்திவிடுவதுதான். மனச்சோர்வுக்கான மருந்து, வலிப்புக்கான மருந்து என்று உறையில் படித்ததும், தங்களுக்கு மனநோய் என்று மருத்துவர் முடிவு கட்டிவிட்டாரோ என அஞ்சுகிறார்கள். அப்படியில்லை, நரம்பில் எழும் மிகைத் துடிப்பை இவை அடக்குவதால்தான் தரப்படுகின்றன. குறைந்த அளவில், எடுத்துக்காட்டாக அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள்; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆனால் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இந்த இடைவெளியை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாமல் சீட்டை மட்டும் எழுதித் தருவது, என் கருத்தில், பாதி மருத்துவமே.

அம்மாவுக்கு இதயத் துடிப்புக் கோளாறோ கண் அழுத்த நோயோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேபபென்டின், பிரிகாபலின் அளவைச் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். தலைச்சுற்றலால் இரவில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையையும் திடீரென நிறுத்தாதீர்கள். துணி பட்டால் வலிக்கும் இடத்தில், புண் இல்லாத தோலின் மீது, லிடோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவிய பட்டையை ஒரு நாளில் 12 மணி நேரம் வரை ஒட்டலாம். முதியவர்களுக்கு இது பாதுகாப்பான வழி.

வலி அடியோடு மறைந்தால்தான் பலன் என்று எண்ண வேண்டாம். பாதியாகக் குறைந்து, அம்மா இரவில் தூங்கி, ரவிக்கை அணிந்து வெளியே போக முடிந்தால் அது நல்ல பலன். வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்பது பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. நாளடைவில் பலருக்கு வலி தணிகிறது, அப்போது மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். பல வாரங்கள் முறையாக எடுத்தும் பலனில்லையென்றால், வலி நிவாரண மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்காக ஒன்று. நம் ஊர்களில் அக்கி என்றதும் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது, எழுதி முடித்துக் காத்திருப்பதில் அந்த நேரம் போய்விடுகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு தவணையாகப் போடும் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது. அக்கி மறுபடியும் வராமல் தடுக்க அம்மாவுக்கும் அதைப் போடலாம். இப்போதுள்ள வலியை அது குறைக்காது.