பொயிலர் பூட்டும் நாள்

வணக்கம் நேயர்களே. குளிர் தொடங்கப் போகிறது, வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் காஸால் சூடாக்கும் பொயிலர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். லண்டனில் காஸ் எஞ்சினியராக இருக்கும் தமிழனிடம் எங்கட சனம் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, எந்த மேக் பொயிலர் நல்லது?"

என்னுடைய பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. பேர்போன கம்பனிகளின் பொயிலர்களுக்கு இடையில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. ஒரே மேக், ஒரே மொடல், ஒரே தெருவில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் 15 வருடம் சத்தமில்லாமல் ஓடும். மற்ற வீட்டில் மூன்றாம் வருடமே திறந்து போட்டுவிட்டு சாமான் தேடிக்கொண்டிருப்போம். எந்த மேக் என்பதை விட்டுவிட்டு, பூட்டுகிறவர் அன்றைக்கு என்னென்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

முதலில் தண்ணீர். பொயிலரில் சூடான தண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புத் தகடுதான் ரேடியேற்றர். பழைய வீட்டில் அதில் ஒன்றைக் கழற்றிச் சரித்தால், வாளிக்குள் விழுவது தண்ணீர் நிறத்தில் இருக்காது. மை போலக் கறுப்பாக, தடிப்பாக விழும். அதற்குள் காந்தத்தை விட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ரேடியேற்றரின் இரும்பு வருடக்கணக்காக உள்ளுக்குள் அரிபட்டு வந்த கசடு அது. பழைய பொயிலர்களில் தண்ணீர் ஓடும் வழி அகலமாக இருந்தது, ஓரளவு தாங்கின. இப்போது வருகிற, வெளியே போகும் புகையின் சூட்டையும் பிடித்து எடுக்கும் கொண்டென்சிங் பொயிலர்களுக்குள் வழி மிக ஒடுக்கம். புதுப் பொயிலரைப் பூட்டி இந்தக் கசட்டை அதற்குள் சுற்ற விட்டால் பம்ப் இறுகும், நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீற் எக்ஸ்சேஞ்சர் அடைக்கும், கேத்தில் கொதிப்பதுபோல இரையும். பைப்புகளைக் கழுவ வேண்டும், துருப்பிடிக்காமல் இருக்க இன்ஹிபிற்றர் விட வேண்டும், கசட்டைப் பிடிக்க ஒரு பில்ற்றர் பூட்ட வேண்டும். பிஎஸ் 7593 என்ற பிரித்தானியத் தரக்குறிப்பு 2019 இல் திருத்தப்பட்டபோது இவை மூன்றுமே அதில் இருந்தன. ஒழுங்காகக் கழுவப் பல மணி நேரம் பிடிக்கும். மலிவு விலை சொல்லுகிறவர் பெரும்பாலும் வெட்டுவது அந்த நேரத்தைத்தான். அந்தக் குறை கண்ணுக்கும் தெரியாது, முதல் குளிர்காலத்தில் பொயிலரும் காட்டிக்கொடுக்காது.

குழாய்த் தண்ணீர் வேறு கதை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர்தான். கொம்பி என்பது தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்காமல், குழாயைத் திறந்த நேரத்திலேயே சூடாக்கித் தரும் பொயிலர். அதில் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும் சின்னத் தகட்டுப் பெட்டிக்குள் அதே படிவு சேரும். ஷவர் திடீரென்று சுட்டு, பிறகு குளிர்ந்து, திரும்பவும் சுட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் பைப்பில் சுண்ணாம்பைக் குறைக்கும் கருவி ஒன்று பூட்டலாம். பெரிய காசு இல்லை.

அடுத்தது காஸ் பைப். பழைய பொயிலர் 15 கிலோவாட் அளவில் இருந்திருக்கும், அதற்கு 15 மில்லிமீற்றர் பைப் போதும். அந்த இடத்தில் 30 கிலோவாட் கொம்பியைப் பூட்டிவிட்டு, பழைய பைப்பையே கொழுவிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மீற்றரிலிருந்து பொயிலருக்கு வருவதற்குள் காஸ் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது என்பது கணக்கு. பல வீடுகளில் 22 மில்லிமீற்றர் பைப் புதிதாக இழுக்கத்தான் வேண்டும். நிலப்பலகை கிளப்ப வேண்டும், கார்ப்பெற் தூக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் அது விருப்பமில்லை. பிறகு பொயிலர் முழுச்சூட்டுக்குப் போகும்போதெல்லாம் அணைந்து நிற்கும், பழி மேக்கின் தலையில் விழும்.

30 கிலோவாட் என்றவுடன் பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மூன்று படுக்கையறை வீட்டைச் சூடாக்க அநேகமாக 10 கிலோவாட்டே தேவைப்படாது. மிச்சமெல்லாம் குளிக்கிற தண்ணீருக்கு. 30 கிலோவாட் கொம்பி குளிர்காலத்தில் நிமிடத்துக்கு 12 லீற்றர் அளவில் சுடுதண்ணீர் தரும். விருந்தாட்கள் வந்து நின்று, இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஷவர் திறந்தால் அந்த 12 லீற்றரைத்தான் பங்கு போட வேண்டும். அப்படியான வீட்டுக்குச் சுடுதண்ணீரைச் சேர்த்து வைக்கும் சிலிண்டர்தான் சரி. அலுமாரி இடம் போகுதே என்று அம்மாமார் கவலைப்படுவார்கள், அதுவும் நியாயம்தான்.

கொண்டென்சிங் பொயிலர் ஓடும்போது புளிப்புத் தன்மையுள்ள தண்ணீரை வெளியே விடும். அது போகும் பிளாஸ்ரிக் பைப் சுவருக்கு வெளியே மெல்லியதாக, உறை போடாமல், நீளமாக ஓடினால் பனிக் குளிரில் உறைந்துவிடும். 2010 டிசம்பரிலும் 2018 மார்ச்சிலும் நாடு முழுக்கப் பொயிலர்கள் நின்றதற்கு இது பெரிய காரணம். பைப்பை வீட்டுக்குள்ளேயே கழிவுக் குழாயில் விடுவது நல்லது. முடியாவிட்டால் வெளியே 32 மில்லிமீற்றர் பைப், உறை, நல்ல சரிவு. உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை வெளியால் ஊற்றுங்கள், கொதிதண்ணீர் வேண்டாம்.

எங்கட ஆட்களுக்கென்று இன்னொன்று சொல்ல வேண்டும். மீன் பொரிக்க, கறி காய்ச்ச என்று வீட்டின் பின்பக்கம் கூரை இறக்கிச் சின்னக் குசினி போடுகிறோம். பொயிலரின் புகைக்குழாய் அந்தச் சுவரால்தானே வெளியே வருகிறது? கூரை போட்டு மூடியதும் புகை குசினிக்குள் வரும். அதில் காபன் மொனொக்சைட் இருக்கலாம். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. புகைக்குழாயை மாற்றாமல் அங்கே ஒரு தகரமும் போடாதீர்கள். அலார்மும் வையுங்கள். காஸ் மணத்தாலோ அலார்ம் அடித்தாலோ வெளியே வந்து 0800 111 999 க்கு எடுங்கள், இலவசம்.

வருகிறவரிடம் காஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள். காஸ் வேலை செய்கிறவர்களுக்கான பதிவு அது, 2009 ஏப்ரலில் கோர்ஜி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக வந்தது. தெரிந்த அண்ணா என்றாலும் கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். முன்பக்கத்தில் படமும் முடிவுத் திகதியும் இருக்கும். ஆனால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கேதான் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். அடுப்புப் பூட்டத் தகுதி உள்ளவர் எல்லாரும் பொயிலர் பூட்ட முடியாது.

வேலை முடிந்ததும் கையேட்டில், பூட்டியபோது செய்தவற்றை எழுதி வைக்கும் பெஞ்ச்மார்க் பக்கத்தை உங்களுக்கு முன்னாலேயே நிரப்பச் சொல்லுங்கள். அது வெறுமையாகக் கிடந்தாலோ, வருடாந்த சேர்விஸ் தவறினாலோ, 10 வருட வாரண்டியைக் கம்பனி மறுக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூட்டியவர் 30 நாளுக்குள் வேலையைக் காஸ் சேஃபில் பதிவு செய்ய வேண்டும். பிறகு உங்கள் பெயருக்குச் சான்றிதழ் தபாலில் வரும். ஒன்றரை, இரண்டு மாதமாகியும் வரவில்லையென்றால் அவருக்கு ஒரு கோல் எடுங்கள், அவர் சாட்டுச் சொன்னால் நேரே காஸ் சேஃபுக்கு எடுங்கள். வீட்டை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் சொலிசிற்றர் கேட்கிற கடதாசிகளில் அதுவும் ஒன்று.

நன்றி, வணக்கம்.