ஒயரின் இந்த முனை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு சினிமாக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற படம், 1968 ஏப்ரலில் வெளிவந்தது. குப்ரிக்கோடு சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956-லிருந்து 2008-இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர், நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அந்தப் படத்தில் ஒரு விஞ்ஞானி பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் விண்கலத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போகிறார். போனதும் ஒரு தொலைபேசி அறைக்குள் உட்கார்ந்து, பூமியில் இருக்கிற தன் சின்ன மகளிடம் முகம் பார்த்துப் பேசுகிறார். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பூமி சுழல்கிறது. பேசி முடித்ததும் திரையில் கட்டணம் வருகிறது: 1 டாலர் 70 சென்ட். கூடவே பெல் சிஸ்டத்தின் மணிச் சின்னமும்.

நான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் காட்சியை மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் போட்டுக் காட்டுவேன். வீடியோ காலைப் பார்த்து அவர்களுக்கு எந்த வியப்பும் வராது. அவர்கள் கையில் இருக்கிற போனில் தினமும் செய்கிற காரியம்தான். அந்த மணிச் சின்னத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்பேன். யாருக்கும் தெரியாது. நான் இன்று பேச வந்தது அந்தச் சின்னத்தைப் பற்றித்தான்.

படம் எடுத்த காலத்தில் அமெரிக்காவில் தொலைபேசி என்றாலே பெல் சிஸ்டம்தான். அதன் தலைமைக் கம்பெனி ஏடி அண்ட் டி. கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனம். இன்றைய மின்னணுக் கருவிகளுக்கெல்லாம் அடிப்படையான டிரான்சிஸ்டர் 1947-இல் பிறந்தது அவர்களுடைய ஆய்வகத்தில்தான். கணினியை முதன்முதலில் பாட வைத்ததும் அங்கேதான். 1961-இல் ஒரு ஐபிஎம் 704 கணினி அங்கே ஒரு பழைய ஆங்கிலக் காதல் பாட்டைப் பாடியது. கிளார்க் அந்த ஆய்வகத்துக்குப் போனபோது அதைக் காதால் கேட்டார். படத்தில் ஹால் என்ற கணினி சாகும்போது பாடுகிற பாட்டு அதுதான்.

இப்படிப்பட்ட கம்பெனி 2001-லும் இருக்கும், விண்வெளியிலும் கடை போட்டிருக்கும் என்று குப்ரிக்கும் கிளார்க்கும் நினைத்ததில் தப்பே இல்லை. அன்றைக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் பெல் சிஸ்டம் 1984 ஜனவரி 1-ஆம் தேதியே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க நீதித்துறை 1974-இல் போட்ட வழக்கின் முடிவு அது. உள்ளூர்த் தொலைபேசிச் சேவை ஏழு தனிக் கம்பெனிகளுக்குப் போனது. பான் ஆம் 1991-இல் மூடப்பட்டது. இயந்திரங்களை அந்தப் படம் பெரும்பாலும் சரியாகக் கணித்தது. அந்த இயந்திரங்கள் யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் கணிக்கவில்லை.

அறிவியல் புனைகதைப் படங்கள் எனக்கு உயிர். ஆனாலும் அவற்றின் மேல் ஒரு குறை உண்டு. ராக்கெட் வரும், ரோபோ வரும், நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி எல்லாம் வரும். ஒரு அரசு ஆணையம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கோப்பைப் பிரித்து, “இதைச் செய்ய உனக்கு உரிமை இல்லை” என்று ஒரு கம்பெனியிடம் சொல்கிற காட்சி வராது. அது பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் நம் கையில் இருக்கிற கணினியும் இணையமும் இன்று இருக்கிற விதத்தில் இருப்பதற்கு அப்படிப்பட்ட ஒரு கோப்புதான் பெரிய காரணம். அந்தத் தீர்ப்பு வந்ததும் அதே 1968-இல்தான். படம் வந்தது ஏப்ரலில், தீர்ப்பு வந்தது ஜூன் கடைசியில்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அன்றைய அமெரிக்காவில் உங்கள் வீட்டுத் தொலைபேசி உங்களுடையது கிடையாது. கம்பெனிக்குச் சொந்தம், நீங்கள் மாத வாடகை கட்டுவீர்கள். கம்பெனி கொடுக்காத எந்தப் பொருளையும் அதில் இணைக்கக் கூடாது என்று விதி. மின்சாரத் தொடர்பு இருந்தாலும் கூடாது, இல்லாவிட்டாலும் கூடாது. ஹஷ்-ஏ-ஃபோன் என்று ஒரு சாமான் இருந்தது. பேசுகிற முனையில் மாட்டிக்கொள்கிற ஒரு குவளை, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் பேசலாம். அதில் ஒயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதையும் கூடாது என்றது ஏடி அண்ட் டி. விஷயம் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் போனது. ஆணையம் கம்பெனி பக்கமே நின்றது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அரசுக் கட்டுப்பாடு என்றாலே நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. குவளையைத் தடுத்த கம்பெனிக்கு அன்று துணை நின்றது அரசு ஆணையம்தான். கட்டுப்படுத்த வேண்டிய கம்பெனியோடு வருடக்கணக்கில் பழகிய அலுவலகம், மெல்ல மெல்ல அந்தக் கம்பெனியின் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்துவிடும். 1956-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதைத் திருத்தியது. பொதுமக்களுக்குக் கெடுதல் வராதவரை, தன் தொலைபேசியைத் தனக்குப் பயன்படுகிறபடி வைத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஒலியியல் நிபுணராகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் லிக்லைடர். கணினிகளை ஒரே வலையாக இணைக்கலாம் என்ற யோசனையைப் பிற்பாடு அமெரிக்க அரசுக்குள் கொண்டுபோய் விதைத்தவர் அவர்தான். ஒரு குவளைக்காகச் சாட்சி சொன்ன மனிதரிடமிருந்து இணையத்துக்கு ஒரு கோடு போவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, 1968-க்கு வருவோம். டெக்சாஸில் தாமஸ் கார்ட்டர் என்று ஒருவர். அங்கே எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்ப்பவர்களிடம் வயர்லெஸ் ரேடியோ இருக்கும், தொலைபேசி இருக்காது. அவர்களுக்கு ஒரு போன் வந்தால், அலுவலகத்தில் இருப்பவர் ரிசீவரை கார்ட்டர் செய்த பெட்டியின் மேல் வைப்பார். போனில் வருகிற குரல் ரேடியோவில் போகும், ரேடியோவில் வருகிற குரல் போனில் போகும். பெயர் கார்ட்டர்ஃபோன். சுமார் 3,500 பெட்டிகள் விற்றிருந்தார். கம்பெனி தன் வாடிக்கையாளர்களிடம், இதைப் பயன்படுத்தினால் நடவடிக்கை எடுப்போம் என்றது. கார்ட்டர் விடவில்லை, வழக்குக்குப் போனார். வழக்கு எஃப்சிசிக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு குவளைக்குத் தடை சொல்லித் திருத்தப்பட்ட அதே ஆணையம், இந்த முறை கம்பெனியின் விதியே செல்லாது என்று தீர்ப்பளித்தது. வலையமைப்புக்குக் கெடுதல் செய்கிற கருவியைத் தடுக்கலாம், கெடுதல் செய்யாததைத் தடுக்க முடியாது.

கம்பெனி உடனே வழிவிட்டுவிடவில்லை. வெளிக் கருவிகளால் லைன்மேனுக்கு ஆபத்து, மொத்த வலையமைப்பே கெட்டுப்போகும் என்றது. வெளிக் கருவியை இணைக்க வேண்டுமானால் நடுவில் எங்கள் பாதுகாப்புப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும், அதற்கும் மாத வாடகை என்றது. 1970-களின் நடுவில் ஆணையம் பதிவு முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பெட்டியும் போனது. பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கம்பெனிகள் பயன்படுத்தும்போது நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். சில சமயம் அது உண்மையான கவலையாகவும் இருக்கும். லைன்மேன் உயிர் சின்ன விஷயமா? அதனால்தான் பதிவு முறை வந்தது. கருவியைச் சோதித்துப் பார், தேறினால் இணைக்க விடு. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பழைய அகூஸ்டிக் கப்ளர் இருக்கிறது. பெட்டியின் மேல் இரண்டு ரப்பர் குழிகள். தொலைபேசி ரிசீவரை அதில் கவிழ்த்து வைக்க வேண்டும். கணினி கீச் கீச்சென்று சத்தம் போடும், அந்தச் சத்தம் போன் வழியாகப் போகும். வினாடிக்கு 300 பிட். ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துச் செய்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒயரை நேராக இணைக்க விதி இடம் கொடுக்கவில்லை, அதனால்தான். பொறியியல் சிக்கல் என்று அவர்கள் நினைத்திருந்தது, உண்மையில் ஒரு சட்டச் சிக்கலின் உருவம். விதி மாறியதும் மோடம், அதாவது கணினியைப் போன் லைனோடு பேச வைக்கும் கருவி, நேராகச் சுவரில் இருக்கிற சாக்கெட்டுக்குப் போனது. 1978-இல் சிகாகோவில் இரண்டு பேர் வீட்டுக் கணினியைத் தொலைபேசி லைனில் இணைத்து ஓர் அறிவிப்புப் பலகை நடத்தினார்கள், யார் வேண்டுமானாலும் போன் போட்டுச் செய்தி விடலாம். அப்புறம் ஃபேக்ஸ், பதில் சொல்லும் கருவி, 1990-களில் வீட்டுக்கு வீடு இணையம். இதில் எதற்கும் தொலைபேசிக் கம்பெனியிடம் போய் யாரும் கைகட்டி நிற்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1956-இல் ஏடி அண்ட் டியோடு அரசு ஒரு உடன்பாடு செய்தது. தொலைபேசித் தொழிலைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது, பழைய காப்புரிமைகளை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனால்தான் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை அந்தக் கம்பெனி கடையில் வைத்து விற்க முடியாமல் போனது. பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையில் மூலநிரலோடு போய்ச் சேர்ந்தது. ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றார்கள். நான் கற்றதும் அந்த வழியில் வந்த பாடத்தில்தான்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? போன வருடம் என் போனின் பேட்டரி உப்பிவிட்டது. தெருமுனையில் இருக்கிற ரிப்பேர் கடையில் மாற்றினேன். தம்பி கைசுத்தமாக வேலை செய்தார், பேட்டரியும் நல்ல பேட்டரி. ஆனால் போன் விடாமல் ஓர் எச்சரிக்கை காட்டுகிறது: இது அசல் பாகம்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லையாம். பேட்டரியின் ஆரோக்கியம் எவ்வளவு என்று காட்டவும் மறுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள், வாடகைப் பொருள் கிடையாது. ஆனால் விதி மட்டும் பழைய கறுப்புத் தொலைபேசி விதி. கார்ட்டர் கேட்ட கேள்விதான் இதற்கும்: இந்த பேட்டரி யாருக்காவது கெடுதல் செய்கிறதா? செய்கிறது என்றால் சோதித்துச் சொல். செய்யவில்லை என்றால் என் ரிப்பேர்க்காரத் தம்பியின் பிழைப்பில் கை வைக்காதே.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதுப் போன்களில் சார்ஜ் செய்ய யூஎஸ்பி-சி துளை கட்டாயம். அதற்கு முந்தைய ஆண்டே ஐபோன் அந்த வழிக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலும் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. 2016 பிப்ரவரியில், சில இணையதளங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைக்கக் கூடாது என்று நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. ஃபேஸ்புக் இலவசமாகத் தருகிறேன் என்று சொன்ன குட்டி இணையம் அதோடு நின்றது. அதற்கு முன்னால் லட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஆணையத்துக்கு மின்னஞ்சல் எழுதினார்கள், என் மாணவர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளை வைக்கக் கட்டாயப்படுத்திய விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூகுள் அளவு கம்பெனிக்கு அந்தத் தொகை பாரமா என்பது வேறு கேள்வி. எனக்கு அபராதத்தைவிட, போன் தயாரிப்பவருக்கு எதை வைப்பது, எதை விடுவது என்ற உரிமை கிடைக்கிறதா என்பதில்தான் அக்கறை.

கடைசியாக அந்தப் படத்துக்கே திரும்புகிறேன். கப்பலை நடத்துகிற ஹால் கணினி, வெளியே போன விண்வெளி வீரரை உள்ளே விட மறுக்கிறது. கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தக் குரல்தான். அதற்குப் பிறகு நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். கப்பலில் ஓர் அவசரக் கதவு இருக்கிறது. கணினியின் தயவு இல்லாமல், வெளியிலிருந்து தன் சிறு கலத்தின் இயந்திரக் கையால் அதை அவர் திறக்கிறார். உள்ளே போகிறார். கணினியின் மூளை இருக்கிற அறைக்குள் நுழைகிறார். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு சின்னக் கருவியால் ஒவ்வொரு பாகத்தையும் திருகுகிறார், ஒவ்வொன்றும் வெளியே வருகிறது. ஹால் கெஞ்சுகிறது, பாடுகிறது, அடங்குகிறது.

அந்தக் கப்பலைக் கற்பனை செய்தவர்கள் அவசரக் கதவையும் வைத்தார்கள், மனிதன் கையால் கழற்றக் கூடிய பாகங்களையும் வைத்தார்கள். பசை போட்டு ஒட்டவில்லை. அடுத்த முறை படம் பார்க்கும்போது அவர் கையில் இருக்கிற அந்தக் கருவியைப் பாருங்கள். பிள்ளைகளோடு பார்த்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.