20 கிலோ அரிசி

நேயர்களுக்கு வணக்கம். வறுமையைக் குறைக்கும் அரசுத் திட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ரேஷன் கடையோடு நின்றுகொள்கிறேன்.

எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா இருக்கிறார். வீட்டில் 4 பேர். மாதம் 20 கிலோ புழுங்கலரிசி, காசில்லாமல் வருகிறது. வெளியில் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 1,000 ரூபாய் மிச்சம். இதெல்லாம் ஒரு பணமா என்று தோன்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கட்டட வேலை நாள் கணக்கில் நிற்கும். அப்போது பானையில் அரிசி இருக்கிற வீடு கந்துவட்டிக்குக் கை நீட்டாது. நீட்டிவிட்டால், மழை விட்ட பிறகும் வட்டி விடாது. இலவச அரிசி ஆளைச் சோம்பேறியாக்கும் என்பவர்கள் ஒரு நாள் அவரோடு கலவை சுமந்து பார்க்கட்டும்.

1997-ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று குடும்பங்களைப் பிரித்து ரேஷன் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. வசதியானவர்களுக்கு எதற்கு ரேஷன் என்று அப்போதே கேட்டார்கள். பொருளாதாரப் பாடம் நடத்திய காலத்தில் நானும் வகுப்பில் அப்படித்தான் பேசினேன். இப்போது பேச மாட்டேன். யார் ஏழை என்று பொறுக்க உட்கார்ந்தால் முதலில் விட்டுப்போவது ஏழைதான். சான்றிதழுக்கு அலைய ஒரு நாள் கூலியை விட்டாக வேண்டுமே! வசதியானவர் தாமே ஒதுங்கிக்கொள்வார். அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை கார்டு வைத்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதானே.

2009-10 தேசிய மாதிரி ஆய்வை வைத்து பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீதிகா கேராவும் ஒரு கணக்குப் போட்டார்கள். கிராமத்து ஏழைகள் வறுமைக் கோட்டுக்கு எவ்வளவு கீழே கிடக்கிறார்கள் என்கிற பள்ளத்தின் கணக்கு அது. ரேஷன் அந்தப் பள்ளத்தை இந்திய அளவில் 18 முதல் 22 சதவீதம் தூர்த்தது. தமிழ்நாட்டில் 61 முதல் 83 சதவீதம். கூலி கூடாமல், வெறும் ரேஷன் செய்த வேலை இது.

கடத்தல் இல்லையா? இருக்கிறது. மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதைச் செய்தியில் பார்க்கிறோம். ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது வேறு.

2020-ல் கைரேகை இயந்திரம் வந்தது. ஒரு மாதம் நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அந்த அம்மா. சிமென்ட் அரித்த விரல், ரேகை விழவில்லை. சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று தடவை வைத்தார். "நாளைக்கு வாங்கம்மா" என்றார் கடைக்காரர். நாளைக்கு வந்தால் கூலி போச்சு. அப்புறம் பிளஸ் டூ படிக்கிற மகன் வந்து விரல் வைத்தான், உடனே பில் வந்துவிட்டது. அரிசிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அரை நாள் லீவு.