வண்டி நிற்கும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

27 வருஷம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாரத்தில் ஒரு நாள், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள குடிபோதை மறுவாழ்வு மையத்தில், குடும்பத்தாருக்கென்று நடக்கும் கூட்டத்தில் உதவியாக இருக்கிறேன். குடியைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். குடிப்பவருக்காகச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களோடு பேசுகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

7ஆம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுவாள். நானும் கொஞ்ச நாள் திட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பாய் என்று கேட்டேன். "அப்பா வந்தப்புறம் மிஸ்" என்றாள். அப்பா எப்போது வருவார்? அது தெரியாதாம். எப்படி வருகிறார் என்பது மட்டும் தெரியுமாம். "வண்டி நிக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிடும் மிஸ். ஸ்டாண்டு டக்குனு விழுந்தா ஒண்ணும் இல்ல. காலால ரெண்டு மூணு தடவ தேடினாருன்னா, தம்பியத் தூக்கிக்கிட்டு பின்பக்கமா ஆயா வீட்டுக்குப் போயிடுவேன்."

12 வயதுப் பிள்ளை. 'கவனம் போதாது' என்று அவளுடைய ரேங்க் கார்டில் எழுதியவள் நான். கடை மூடுகிற 10 மணிக்கு மேல் தெருவில் வரும் ஒவ்வொரு வண்டியையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையைத்தான் கவனம் இல்லாதவள் என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்.

அவள் வகுப்பில் தூங்காமல் இருந்த காலமும் ஒன்று உண்டு. கார்த்திகை மாதம். "அப்பா மாலை போட்டிருக்கார் மிஸ்" என்று வாசலிலேயே நின்று சொன்னாள். அந்த நாட்களில் அவள் அப்பா சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவார். குளித்துவிட்டுப் பூஜை. பிள்ளைகளும் அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். தை பிறந்தது, மாலையைக் கழற்றினார், பிள்ளை மறுபடியும் தூங்க ஆரம்பித்தாள்.

கூட்டத்துக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். "48 நாள் இருக்க முடிஞ்சுதே மேடம், அப்ப மனசு வச்சா விடலாம்தானே? எங்க மேல பாசம் இல்லன்னுதானே அர்த்தம்?" இல்லை அம்மா. மாலை போட்ட மனிதருக்கு விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு ஒழுங்கு இருக்கிறது. கூட நாலு சாமிகள் இருக்கிறார்கள். ஊரே மரியாதையாகக் கூப்பிடுகிறது. மாலையைக் கழற்றிய அன்றைக்கு இவை எல்லாமே ஒன்றாகக் கழன்றுவிடுகின்றன. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. குடிநோய் என்று மருத்துவர்கள் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை. வருஷக்கணக்கில் குடித்தால் மூளையே அதற்குப் பழகிப்போகிறது. உங்கள் மேல் பாசம் இருந்தும் அவரால் முடியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ பேருக்கு அது பிடிமானமாக இருந்திருக்கிறது. ஆனால் காலையில் கண் விழித்ததும் கை நடுங்குகிறவர், அந்த நடுக்கத்தை நிறுத்தவே குடிக்கிறவர், ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்து வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போய், மருத்துவமனைக்கு வருவதற்குள் உயிர் போன வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவர் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள்.

அதே மாதிரி, 'அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கிற மருந்துகள். தயவுசெய்து வேண்டாம். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் அதற்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கொடுத்து, அவரும் தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. குழம்பில் கலக்கிற பொருள் அல்ல.

வீட்டுக்குள் நடக்கும் இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்ணே" என்று சொல்வது யார்? நீங்கள்தான். பெட்டிக்கடைக் கடனை மகளிர் குழுக் கடனில் வாங்கி அடைப்பதும் நீங்கள்தான். விழுந்து அடிபட்டதை மாமியாரிடம் 'வண்டி வழுக்கிடுச்சு' என்று மாற்றிச் சொல்வதும் நீங்கள்தான். கன்னத்தில் இருக்கும் தழும்புக்குக் கதவு இடித்தது என்பதும் நீங்கள்தான். பாசத்தாலும் மானத்துக்குப் பயந்தும் செய்கிறோம், யாருக்குத் தெரியாது? ஆனால் இப்படி ஒவ்வொன்றையும் நாம் வாரிச் சுருட்டி மறைத்துவிடுவதால், தன் குடி வீட்டை என்ன செய்திருக்கிறது என்பதை அவர் பார்க்காமலே போய்விடுகிறார். குடிக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 6,000. கூட்டத்தில் ஒரு அம்மா, மாதா மாதம் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரும் நாளில் ஏ.டி.எம். கார்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார். அதைக் கேட்டுச் சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் எங்கெங்கே ஒளித்து வைக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு ஒன்று சொல்கிறது: அடிக்கடி போதையில் இருக்கும் கணவரின் மனைவிகளில் பத்துக்கு ஏழு பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். குடிக்காதவர் வீடுகளில் இது நாலில் ஒருவருக்கும் குறைவு. அடி விழுகிற வீட்டில் இருக்கும் தங்கைமார்களுக்குச் சொல்கிறேன். 'போதையில அடிச்சிட்டார், தெளிஞ்சா நல்லவர்தான்' என்று நீங்கள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். அதற்காக அடி வாங்க வேண்டியதில்லை. 2005இலேயே குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்துவிட்டது. 181 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் உண்டு. நாடே அழுதது. கடையில் விற்கிற சரக்கு அப்படி ஒரே ராத்திரியில் கொல்வதில்லை. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, பத்து வருஷம் எடுத்துக்கொள்ளும். அதற்குச் செய்தி கிடையாது.

கடையை மூடலாமா கூடாதா என்ற வழக்கு நம் மாநிலத்தில் பழையது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி போனது. 2003 முதல் டாஸ்மாக்கே கடை நடத்துகிறது. 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடைகள் குறைய வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதை ஒளிக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை இன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டுமே. அந்த வழக்கு முடியும்வரை அவள் காத்திருக்க முடியாது.

சாந்தி ரங்கநாதன் அம்மாவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலேயே கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். மூலையில் உட்காராமல், 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய டி.டி.கே. மருத்துவமனை. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சிகிச்சைக்கு வருகிறவரோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 1951இல் ஆரம்பித்த அல்-அனான் குழுக்கள் இன்னும் ஒரு படி மேலே போனவை. அவை குடும்பத்தாருக்கு மட்டுமே ஆனவை. குடிப்பவர் திருந்தினாரோ இல்லையோ, நீங்கள் வரலாம். சென்னையிலும் இந்தக் குழுக்கள் இருக்கின்றன.

நான் சொல்ல வந்ததும் அதுதான். அவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார் என்று 2019இல் டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மீதி 37 வீடுகளிலும் யாரோ ஒருவர் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். 14446. மத்திய அரசின் இலவச எண். குடி, கஞ்சா, மாத்திரை எதுவானாலும் கேட்கலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.

அந்த மாணவியின் அம்மாவைப் பல வருஷம் கழித்து எங்கள் கூட்டத்தில்தான் மறுபடி பார்த்தேன். 5 வாரம் தனியாகவே வந்தார். மேஸ்திரிக்குப் போன் போடுவதை மூன்றாவது வாரத்தில் நிறுத்தினார். வீட்டில் பெரிய சண்டை. ஆறாவது வாரம் மழை, அவரைக் கூட்டிப் போகக் கணவர் வண்டியோடு வந்து வெளியே கொட்டகையில் நின்றார். எங்கள் சமையல்காரம்மா ஒரு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரமும் கணவர் வந்தார். அட்மிட் ஆக இன்னும் 2 மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை சறுக்கி, மறுபடி வந்தார். இப்போது ஒன்றரை வருஷமாகக் குடிக்கவில்லை.

போன பொங்கலுக்கு அந்தப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்ஸிங் படிக்கிறாள். ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டேன். "ஹாஸ்டல்லகூட வெளியே வண்டி நின்னா முழிப்பு வந்துடும் மிஸ்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இப்பல்லாம் திரும்பித் தூங்கிடுறேன்" என்றாள்.