பனியே பார்க்காத பசங்களுக்கு அண்டார்டிகாவை எப்படிச் சொல்லிக் குடுக்கறது?

சரி, அடுத்த கேள்விக்குப் போலாம், ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க, ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கறவங்க. "துருவப் பயணங்கள் பத்தி எங்க ஸ்கூல்ல ஒரு பேச்சு வச்சோம் சார், ஸ்லைடு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில பசங்க பென்குவின் கடிக்குமான்னு மட்டும்தான் கேட்டாங்க, இதை உருப்படியா செய்ய வழி இருக்கா, பெருசா செலவு பண்ண முடியாது"ன்னு.

பென்குவின் கொத்தும் மேடம், இறக்கையால அடிக்கவும் செய்யும், அது நல்ல கேள்விதான். ஆனா எல்லா ஸ்கூல்லயும் பார்த்தீங்கன்னா பேச்சு முதல்ல, நேரம் இருந்தா கடைசில ஆக்டிவிட்டின்னு வைப்பாங்க, அதை அப்படியே திருப்பிப் போடுங்க. முதல்ல பசங்க கையில ஒரு சிக்கலைக் குடுத்துடுங்க, அவங்க அதுல திணறட்டும், அப்புறம் கதை சொல்லுங்க.

சாக்பீஸ் எடுத்து கிரவுண்டுல ஒரு படகு வரைங்க, நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு பேரை உள்ள விடுங்க, சாப்பாடு, அடுப்பு, தண்ணி பீப்பா, படகு கவுறாம இருக்க பாரத்துக்குப் போட்ட கல்லு, இது எல்லாத்துக்கும் பதிலா அவங்க ஸ்கூல் பேக்கையே உள்ள அடுக்குங்க. இப்ப மூணு பேர் தூங்கணும், மூணு பேர் முழிச்சு படகு ஓட்டணும், யார் எங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்கடான்னு விட்டுடுங்க. அஞ்சு நிமிஷத்துல சண்டை வந்துடும், காலை எடுடான்னு ஒருத்தன் கத்துவான், நமக்கு அதுதான் வேணும்.

அப்பதான் ஷாக்கில்டன் கதை, அண்டார்டிகாவுக்குப் போன பிரிட்டன் பயணக் குழுவோட தலைவர். அவரோட எண்டியூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரில அண்டார்டிகாவை ஒட்டின வெட்டல் கடல் பனில மாட்டிக்கிச்சு, நவம்பர்ல முழுகியே போச்சு. 28 பேரும் எலிஃபண்ட் தீவுக்கு வந்து சேர்ந்தாங்க, அங்கிருந்து ஆறு பேரு இந்த சைஸ் படகுல, பேரு ஜேம்ஸ் கேர்ட், உதவி கேட்டு சவுத் ஜார்ஜியா தீவுக்குக் கிளம்பினாங்க, சுமார் 1300 கிலோமீட்டர், ரெண்டு வாரத்துக்கு மேல அந்தக் கடல்ல. வழி பார்த்தவர் வோர்ஸ்லி, சூரியனைப் பார்த்துத்தான் எங்க இருக்கோம்னு கணக்கு போடணும், அத்தனை நாள்ல அது அவருக்கு ஒரு நாலு தடவைதான் சரியா சிக்குச்சு. இங்க நிறுத்திட்டு ஒரு கணக்கு போடச் சொல்லுங்க, 1300 கிலோமீட்டர் போறப்ப திசை ஒரே ஒரு டிகிரி மாறினா எவ்ளோ தள்ளிப் போவோம்? கோணமானியும் ஒரு நீளமான கயிறும் வச்சு கிரவுண்டுலயே அளந்து பார்க்கலாம், கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் வரும். தீவைத் தாண்டிட்டா முன்னாடி அட்லாண்டிக் கடல்தான். அந்த 28 பேரும் பிழைச்சாங்க, ஆனா அதே பயணத்துல ராஸ் கடல் பக்கம் போன குழுவுல மூணு பேர் செத்தாங்க, அதையும் சொல்லிடுங்க, நிறைய பேர் அதை விட்டுட்டு வெறும் வெற்றிக்கதையா சொல்றாங்க, எனக்கு அது பிடிக்காது.

குளிருக்கு என்ன பண்றதுன்னா, டால்டா. ஒரு ஜிப் கவர் உள்ள இன்னொன்னை விட்டு நடுவுல டால்டாவை நிரப்பிடுங்க, அதுல ஒரு கை, வெறும் ரெட்டைக் கவர்ல இன்னொரு கை, ரெண்டையும் ஐஸ் தண்ணில வைக்கட்டும். சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் கொழுப்பு ஏன் தேவைன்னு கையே சொல்லிடும். வலிச்சா உடனே எடுத்துடணும், அப்புறம் தண்ணில உப்பு மட்டும் போட விடாதீங்க, உப்பு போட்டா ஜீரோ டிகிரிக்குக் கீழ இறங்கிடும், தோலுக்கு ஆகாது.

அப்புறம் காத்து. 1928ல பேர்டுங்கற அமெரிக்கர் அண்டார்டிகா போறப்ப ஒரு சாரணர் பையனைக் கூட்டிட்டுப் போனாரு, பால் சைப்பிள், வயசு 19. அந்தப் பையன் பின்னாடி பெரிய ஆராய்ச்சியாளர் ஆகி, பாசல்ங்கறவரோட சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் உருளைல தண்ணி ஊத்தி அண்டார்டிகாவுல கூரை மேல மாட்டி, எந்தக் காத்துக்கு எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பார்த்தாரு, விண்ட் சில், அதாவது காத்தடிச்சா குளிர் எவ்ளோ கூடுதலா உறைக்கும்ங்கற கணக்கு, அதுலருந்து வந்ததுதான். நீங்க ரெண்டு பாட்டில்ல ஒரே அளவு சுடுதண்ணி ஊத்தி மூடி ஒண்ணை மட்டும் ஃபேன் முன்னாடி வைங்க, அது சீக்கிரம் ஆறும். பக்கத்துலயே காஞ்ச தெர்மாமீட்டர் ஒண்ணை ஃபேன் முன்னாடி வச்சா அது இறங்கவே இறங்காது, ஏன்னு பசங்களே மண்டையை உடைச்சுக்கட்டும், உடனே விடையைச் சொல்லிடாதீங்க.

நம்ம நாட்டுக் கதையும் இருக்கு. 1981 டிசம்பர்ல காசிம்ங்கற கடல் விஞ்ஞானி தலைமைல முதல் இந்தியக் குழு கோவாலருந்து கப்பல் ஏறிச்சு. அப்புறம் கட்டின முதல் நிலையம் தட்சிண் கங்கோத்ரி, கடல்ல மிதக்கற பனிப் பலகை மேல இருந்துச்சு, பனி கொட்டிக் கொட்டி உள்ளயே புதைஞ்சுடுச்சு. அதனால அடுத்த நிலையம் மைத்ரியைப் பாறை மேல கட்டினாங்க, 2012ல வந்த பாரதி 134 கப்பல் கன்டெய்னரை அடுக்கி, தரையை விட்டு உயரமா தூண் மேல நிக்குது. படத்தைக் காட்டாம, எங்க கட்டுவ, எப்படிக் கட்டுவன்னு அட்டைப் பெட்டி குடுத்துச் செய்யச் சொல்லுங்க, அப்புறமா பாரதி படத்தைக் காட்டுங்க.

யாரைப் பேசக் கூப்பிடறதுன்னா, கோவாவுல இருக்கற தேசிய துருவ ஆராய்ச்சி மையத்துக்கு எழுதிக் கேட்டுப் பாருங்க. விஞ்ஞானிதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, அங்க சமையல்காரர், டாக்டர், மெக்கானிக் எல்லாரும் போறாங்க, மைத்ரில ரெண்டு மாசம் கிட்ட சூரியனே உதிக்காது, அந்த இருட்டுல ஜெனரேட்டர் ஓட வச்சவர் பேசினா பசங்க வாயைப் பிளந்துட்டு கேப்பாங்க. இருபது நிமிஷம் பேச்சு போதும், மிச்சம் முழுக்க கேள்விக்கு விடுங்க, பாத்ரூம் எப்படிப் போவீங்கன்னு கண்டிப்பா எவனாவது கேப்பான், வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.